ஒரு மிஸ்டு கால், ஒரு மோட்டார், எங்க அத்தையின் முந்தானை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன வாரம் எங்க ஊக்குநர் அக்கா வீட்டுக்கு வந்து, "விழாவில் நீ அந்த மோட்டார் போர்டைப் பற்றிப் பேசு" என்றார்கள். நான் பத்தாவது படித்தவள், இன்ஜினியர் மாதிரி பேச வராதுக்கா என்றேன். "நீ செஞ்சதைச் சொல்லு, அது போதும்" என்றார்கள். அதனால் செய்ததைச் சொல்கிறேன். செய்த தப்பையும் சொல்கிறேன். அதை விட்டுவிட்டுப் பேசினால் இது பாதிப் பேச்சுதான்.

தோட்டம் இருக்கிற வீடுகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். மும்முனை கரண்ட் நாம் கேட்கிற நேரத்துக்கு வராது, அது வருகிற நேரத்துக்கு நாம் போகணும். எங்க தோட்டம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ராத்திரி முறை வந்தால் டார்ச்சு எடுத்துக்கிட்டு வரப்பில் நடந்து போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கணும். எங்க வீட்டுக்காரர் லாரியில் போய்விட்டால் அந்த வேலை என்னுடையது. ஒரு ராத்திரி வரப்பில் காலுக்குக் குறுக்கே கட்டுவிரியன் கிடந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட ஒரு வழி வேணும் என்று.

அப்போதுதான் நம் கூட்டமைப்பு மூலமாக எலக்ட்ரானிக் போர்டு பயிற்சிக்குப் பெயர் கேட்டார்கள். செல்போன் பழுது பார்ப்பதும் சின்னச் சின்ன போர்டு செய்வதும் சொல்லிக் கொடுத்தார்கள். எங்க ஊரிலிருந்து போனது நான் ஒருத்திதான்.

பயிற்சியில் கொடுத்த போர்டு உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் ஒரு கறுப்பு சிப்பு. அதன் ஒரு காலிலிருந்து வெளியே வருவது 5 வோல்ட். அதிகபட்சம் 20 மில்லி ஆம்பியர்தான் அதனிடம் வாங்கலாம், 40-ஐத் தாண்டினால் சிப்பு போயிடும் என்றார் வாத்தியார். ஆம்பியரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டையும் 20 மில்லி ஆம்பியரையும் பெருக்கினால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு வருது. எங்க மோட்டார் 5 எச்.பி. ஒரு எச்.பி. 746 வாட், ஆக 3,730 வாட். கணக்குப் போட்டுப் பாருங்க, முப்பத்தேழாயிரம் மடங்கு வித்தியாசம். அதுவும் ஓடும்போதுதான். கிளம்புகிற அந்த நிமிஷத்தில் மோட்டார் ஆறு மடங்கு வரைக்கும் கரண்ட் இழுக்கும். இந்தச் சுண்டைக்காய் எப்படி அந்த யானையை எழுப்பும்?

எனக்கு இது புரிந்தது நம்ம குழுக் கணக்கை வைத்துத்தான். பேங்கில் 5 லட்சம் கடன் வாங்குகிறோம். தீர்மானத்தில் தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்துக்குள் 5 லட்சம் இருக்கா? பேனா மையில் ஒரு சொட்டுதான் இருக்கு. பணம் பேங்கில் இருக்கு, கையெழுத்து கதவைத் திறந்து விடுது. சிப்பிலிருந்து வருவதும் கையெழுத்துதான். மோட்டாரைச் சுற்றும் பலம் ஈ.பி. லைனில் இருந்து வருது. ஆனால் நம்ம கையெழுத்தை நேராக ரிசர்வ் பேங்கில் கொண்டு போய் நீட்ட முடியாது இல்லையா? கிளை மேனேஜர், மேலே ஒருத்தர் என்று படிப்படியாகத்தான் போகும். இங்கேயும் அப்படித்தான், நடுவில் மூன்று படி.

முதல் படி டிரான்சிஸ்டர். நான் போட்டது பி.சி. 547. மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, மூன்று கால். ஒரு காலில் சிப்பு 4 மில்லி ஆம்பியர் தள்ளினால், மற்ற இரண்டு கால் வழியாக அதைப் போலப் பல மடங்கு கரண்ட் போக வழி விடும். இரண்டாவது படி ரிலே. நீலக் கலரில் தீப்பெட்டியில் பாதி இருக்கும். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயில், அதற்கு மேலே ஒரு தகடு. காயிலில் கரண்ட் போனால் அது காந்தம் ஆகித் தகட்டை இழுக்கும், டிக் என்று சத்தம் வரும், அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு முனை சேர்ந்துக்கும். மூன்றாவது படி உங்க எல்லார் மோட்டார் ரூமிலும் இருக்கிற ஸ்டார்ட்டர். அதுக்குள்ளே இருக்கும் கான்டாக்டரும் ரிலே மாதிரிதான், ஆனால் அண்ணன். டிக் இல்லை, டமார் என்று பிடிக்கும்.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரான்சிஸ்டர் எதுக்கு வீணா என்று, ரிலேயை நேராக சிப்புக் காலில் வைத்துப் பற்றவைத்து விட்டேன். 5 வோல்ட் ரிலே, 5 வோல்ட் சிப்பு, பொருத்தம் சரியாத்தானே இருக்கு என்று நினைப்பு. அந்த ரிலே காயில் கேட்பது 70 மில்லி ஆம்பியருக்கு மேல். இரண்டு தடவை டிக் என்றது, மூன்றாவது தடவை சத்தமே இல்லை. சிப்பின் அந்தக் கால் செத்துப் போச்சு. வோல்ட் பொருந்தினால் போதாது, கேட்கிற கரண்டைக் கொடுக்கத் தெம்பு இருக்கான்னும் பார்க்கணும் என்று அன்றைக்குப் படித்தேன். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கு வேலை இருக்கான்னு கேட்க மறந்த மாதிரி.

இன்னொரு சின்ன சாமான், டயோடு. விலை ரொம்பக் கம்மி, அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். வேகமாகப் போகிற பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுவோமே, அதே மாதிரி காயிலில் ஓடிய கரண்டைச் சட்டென்று நிறுத்தினால் அது நிற்க மாட்டேன் என்று மோதும். அந்த மோதலில் நூறு வோல்ட்டுக்கு மேலே கூட எகிறும். 45 வோல்ட் தாங்குகிற டிரான்சிஸ்டர் என்ன ஆகும்? அதற்குத்தான் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டு, மோதுகிற கரண்ட் சுற்றிச் சுற்றி வந்து அடங்க வழி விடுகிறோம். அதில் இருக்கும் வெள்ளைப் பட்டை பிளஸ் பக்கம் பார்க்கணும். நான் ஒரு தடவை திருப்பிப் போட்டு டிரான்சிஸ்டர் தலை வெடித்தது, கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

பெரிய கரண்டு பக்கம் ஒன்று கட்டாயம் சொல்லணும். அந்த நீல ரிலே மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். நம்ம ஊரில் பல ஸ்டார்ட்டரில் இருக்கும் காயில் இரண்டு பேஸுக்கு நடுவே, அதாவது 415 வோல்ட்டில் வேலை செய்வது. 250 எழுதிய ரிலேயில் 415-ஐ விட்டால் ஒரு நாள் முனை இரண்டும் உருகி ஒட்டிக்கும். அப்புறம் சிப்பு விடு என்றாலும் விடாது. எங்க தோட்டத்தில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்டார்ட்டர் காயிலை 230 வோல்ட் காயிலாக மாற்றிய பிறகுதான் போர்டை மாட்டினோம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிற வேலையை நான் இன்று வரை செய்வதில்லை. என் வேலை 5 வோல்ட்டோடு சரி.

நேற்று ஒரு தங்கச்சி, "மோட்டார் வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாமாக்கா?" என்று கேட்டாள். மும்முனை மோட்டாருக்கு அது வேறு பெரிய பெட்டி, விலையும் பெரிசு. ஆனால் நம்ம குழுவில் வாடகைக்கு விடுகிறோமே பேட்டரி ஸ்பிரேயர், அது 12 வோல்ட் மோட்டார், அதற்கு இந்தச் சிப்பே போதும். ஒரு நொடியில் ஆயிரம் தடவை போட்டுப் போட்டு நிறுத்தணும். போடுகிற நேரம் பாதி, நிறுத்துகிற நேரம் பாதி என்றால் மோட்டாருக்குப் பாதி பலம் போகும். இதை ரிலேயால் செய்ய முடியாது, தகடு அத்தனை வேகமாக அடிச்சுக்காது. மாஸ்ஃபெட் என்று ஒன்று இருக்கு, அதுவும் மூன்று கால்தான். அதிலேயும் பார்த்து வாங்கணும். ஐ.ஆர்.எஃப். 540 என்பது 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது, அரைக்கதவு திறந்த மாதிரி நின்று கொதிக்கும். ஐ.ஆர்.எல்.இசட். 44 என்றால் 5 வோல்ட்டுக்கே நல்லாத் திறக்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், நம்பாதீங்க.

இனி அத்தை விஷயம்.

அதற்கு முன்னால் ஸ்டார்ட்டரில் ஒன்றைக் கவனிச்சிருப்பீங்க. பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டு விரலை எடுத்துவிடுகிறோம், ஆனாலும் மோட்டார் ஓடுது. ஏன்? கான்டாக்டர் ஒரு தடவை பிடித்துவிட்டால் தன்னோட இன்னொரு முனை வழியாகத் தன் காயிலுக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கும். கரண்ட் போனால் அது விழுந்துடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் தானாக எழுந்திருக்காது, மனுஷர் போய்ப் பச்சையை அமுக்கினால்தான் உண்டு. பழைய ஸ்டார்ட்டரில் இருக்கிற பெரிய நன்மை அது. நமக்கு ராத்திரி நடக்க வேண்டியிருக்கே என்று அதைத் திட்டுகிறோம், ஆனால் மோட்டார் ரூமில் யார் கை எங்கே இருக்கிறதோ என்று யோசித்து வைத்தது அது.

நான் செய்த போர்டில் ஒரு சிம் கார்டு. எங்க மூன்று பேர் நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் மட்டும் சிப்பு அரை நொடி ரிலேயைப் பிடித்துவிடும். அந்த ரிலே பச்சைப் பட்டனோடு சேர்த்து மாட்டியது. அரை நொடி போதும், ஸ்டார்ட்டர் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் வீட்டு வாசலில் நின்று போன் போட்டு, தோட்டத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மாமா சொன்னார், "கரண்ட் போயிட்டு வந்தா, போன் போடாமலே ஓடுதும்மா. நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்று. எனக்குப் பெருமை. ஏன் ஓடுது என்று நான் கேட்கவில்லை. நான் அப்படி எழுதவே இல்லையே, பிறகு எப்படி ஓடுது? இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருக்கணும்.

எங்களது ஆழ்துளைக் கிணறு, கம்ப்ரசர். மோட்டாருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே பெல்ட்டு. பெல்ட்டுக்கு மூடி கிடையாது, நம்ம பக்கம் எத்தனை தோட்டத்தில் இருக்கு சொல்லுங்க. பதினோராவது நாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. அத்தை ஆட்டுக்குத் தழை அறுக்க, மோட்டார் ரூம் சுவரில் மாட்டியிருந்த அரிவாளை எடுக்க உள்ளே போனாங்க. எட்டி எடுக்கும்போது முந்தானை பெல்ட்டு மேலே விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

வெளியே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அத்தை கத்தின சத்தத்துக்கு ஓடிப் போய் சிவப்புப் பட்டனை அடித்தேன். பழைய சேலை, கிழிந்தது. புதுசாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. தோள்பட்டை இறங்கிப் போச்சு, கழுத்தில் சேலை இறுக்கிய தடம் ரொம்ப நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தை எல்லாரிடமும் "தடுக்கி விழுந்துட்டேன்" என்றாங்க. மருமக செஞ்ச போர்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி போர்டைக் கழற்றி மேசையில் வைத்து ஒரு பல்பை மாட்டிப் பார்த்தேன். கரண்ட் கொடுத்ததும் டிக், பல்பு எரிந்தது, 2 நொடி கழித்து அணைந்தது. அந்த டிக் எனக்குப் புதுசு இல்லை. செய்த நாளிலேயே கேட்டிருக்கிறேன். போர்டு முழிச்சுக்குது போல என்று விட்டுவிட்டேன்.

தப்பு எங்கே என்றால், நான் டிரான்சிஸ்டர் எல்லாம் சேர்ந்தே வருகிற ரெடிமேட் ரிலே போர்டை வாங்கிப் போட்டிருந்தேன். அது தலைகீழ்ப் பழக்கம் உள்ளது. சிப்பு 5 வோல்ட் கொடுத்தால் ரிலே விடும், 0 கொடுத்தால் பிடிக்கும். சிப்பில் நான் எழுதிய முதல் வரி, 'இந்தக் கால் வெளியே சிக்னல் அனுப்பும் கால்' என்று. அப்படிச் சொன்னதும், வேறு எதுவும் சொல்லாததால், அந்தக் கால் 0-வில் நிற்கும். ரிலே பிடித்துவிட்டது. அடுத்த வரியில், சின்னத் திரையில் 'வணக்கம்' என்று 2 நொடி காட்டச் சொல்லியிருந்தேன். ஆசைக்கு எழுதியது. அதற்கும் அடுத்த வரியில்தான் 'ரிலேயை விடு' என்று இருந்தது. அந்த 2 நொடி வணக்கத்தில் ஸ்டார்ட்டர் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை பிடித்தால் அது விடாது என்று முன்னாடி சொன்னேனே, அதுதான். ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் இதேதான் நடந்திருக்கு. மாமா அதைத்தான் 'நல்லாப் பண்ணியிருக்கே' என்றார்.

திருத்தம் என்று பார்த்தால் இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும். முதலில் 5 வோல்ட்டை வை, பிறகு வெளியே அனுப்பும் கால் என்று சொல். ஆனால் நான் அதோடு விடவில்லை. அந்தத் தலைகீழ் போர்டையே எடுத்துவிட்டேன். நானே டிரான்சிஸ்டர் வைத்து, சிப்பு 5 வோல்ட் கொடுத்தால்தான் ரிலே பிடிக்கும் என்று செய்தேன். டிரான்சிஸ்டர் அடிக்காலில் இருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். சிப்பு இன்னும் முழிக்காவிட்டாலும், ஒயர் அறுந்தாலும் அந்த ரெசிஸ்டர் டிரான்சிஸ்டரை மூடியே வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் மோட்டார் நிற்கணும், ஓடக்கூடாது.

அப்புறம் மணி. போன் வந்தாலும் உடனே மோட்டார் ஓடாது. ரூமில் 30 நொடி ஹாரன் அடிக்கும், அதற்குப் பிறகுதான் ரிலே பிடிக்கும். கரண்ட் போய் வந்தால் போன் போட்டே ஆகணும், தானாக ஒன்றும் நடக்காது. மாமாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம், "முன்னாடி வசதியா இருந்துச்சே" என்பார். அத்தை அவரை ஒரு பார்வை பார்ப்பாங்க, அதோடு சரி.

சிவப்புப் பட்டன் மட்டும் சிப்பைக் கேட்காமல் நேராக லைனிலேயே இருக்கு. போனில் நிறுத்துவதற்கு இன்னொரு ரிலே உண்டு, ஆனால் சிவப்பை அதன் வழியாகக் கொண்டு போகவில்லை. ரிலே முனை ஒட்டிக்கொண்டாலும், சிப்பு குழம்பினாலும், அடித்தால் நிற்கணும். பெல்ட்டுக்கு வெல்டிங் பட்டறையில் கம்பிவலை மூடி செய்து போட்டோம். உண்மையைச் சொன்னால், அது இருந்திருந்தால் என் தப்பு அத்தை தோளைத் தொட்டிருக்காது.

இதை எல்லாம் இன்றைக்கு இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. எங்க குழுவும் பக்கத்து ஊர்க் குழுவும் சேர்ந்து 20 போர்டு செய்து விற்க, கூட்டமைப்பில் கடன் கேட்டிருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் வருது. கேட்டவளே நான்தான், இருந்தாலும் சொல்கிறேன்: சில விஷயத்தை எழுதிச் சேர்க்காமல் அந்தத் தீர்மானத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீங்க. ஒவ்வொரு போர்டையும் பல்பில் மாட்டி 50 தடவை கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுத்துப் பார்க்கணும், ஒரு தடவை பல்பு எரிந்தாலும் அந்தப் போர்டு வெளியே போகக்கூடாது. பார்த்தது ரெண்டு பேர் என்று பதிவேட்டில் கையெழுத்து வேணும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத தோட்டத்துக்கு நாம் மாட்டக்கூடாது, எத்தனை சொந்தமானாலும். எலக்ட்ரீசியன் கூலியைப் போர்டு விலையிலேயே சேர்க்கணும், இல்லாவிட்டால் காசு மிச்சம் என்று தாங்களே மாட்டிக்குவாங்க. விலை கூடும், விற்பது குறையும், தெரியும். தவணை கட்டக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் நீங்க முடிவு பண்ணணும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெளி மேசையில் போர்டை வைத்திருப்பேன். மோட்டாருக்குப் பதில் பல்பு மாட்டியிருக்கு. பழைய போர்டும் பக்கத்தில் இருக்கும், வணக்கம் சொல்லிவிட்டு டிக் என்று அடிக்கிற அதே போர்டு. ரெண்டையும் நீங்களே கரண்ட் கொடுத்துப் பாருங்க. அத்தையும் வந்திருக்காங்க, மூன்றாவது வரிசையில் நீலச் சேலை. ரூமுக்குள் போகும் முன்னால் மெயின் சுவிட்சை எப்படி இறக்கணும், பீஸ் கட்டையைக் கழற்றி எப்படி இடுப்பில் செருகிக்கணும் என்று அவங்களே காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க.